உடம்புக்கு முடியாத குழந்தையோடு வெளியே போகலாமா?

"இந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு எங்கே போறது? பேசாம வீட்டிலேயே கிடக்கலாம்."

நோயாளிக் குழந்தை இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். சொல்வது மாமியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கலாம். பாதி நாள் நாமே சொல்லிக்கொள்வதுதான். கல்யாணம் என்றால் வீட்டுக்காரர் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருவார். கோயில் என்றால் நான் மட்டும் ஓட்டமாக ஓடிவிட்டு வருவேன். இப்படியே வருஷங்கள் போய்விடும்.

என் மகனுக்குப் பத்து வயது. பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்ததால் மூளை முடக்குவாதம். கழுத்து சரியாக நிற்காது. விழுங்கினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால் வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாகத்தான் ஆகாரம். அவ்வப்போது வலிப்பும் வரும். அவனுக்கு மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "ஏம்மா, நாம நாலு பேரும் சேர்ந்து வெளியில எடுத்த போட்டோ ஒண்ணுகூட இல்லையே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் டாக்டரிடம் கேட்டேன். "தாராளமாகப் போங்க" என்றார். ஆனால் சளி, காய்ச்சல் இருந்தாலோ, வலிப்பு மருந்தின் அளவைச் சமீபத்தில் மாற்றியிருந்தாலோ வேண்டாம் என்றார். சகோதரிகளே, ஒவ்வொரு குழந்தைக்கும் இது வேறுபடும். உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். நோயின் பெயர், கொடுக்கும் மருந்துகள், அளவு, ஒவ்வாத மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால், வெளியூரில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

அடுத்தது நேரம். நாள் முழுக்கச் சுற்றுவது நமக்கு ஆகாது. இரண்டு ஆகாரத்துக்கு நடுவில் எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ, அதுதான் நம் உல்லாசப் பயணம். என் மகனுக்கு மூன்று மணிக்கு ஒரு வேளை. அது முடிந்து அரை மணியாவது சாய்வாக உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுக்களிக்கும். ஆக, நாலு மணிக்குக் கிளம்பலாம். அடுத்த வேளை ஆறு மணிக்குப் போன இடத்தில். வலிப்பு மருந்து இரவு எட்டு மணிக்கு, அதற்குள் வீடு திரும்ப வேண்டும். மருந்து நேரம் தவறுவதும், தூக்கம் கெடுவதும் வலிப்பைக் கூட்டும். வெயிலும் அவனுக்கு ஆகாது. அதனால் மார்ச் முதல் ஜூன் வரை பகல் பயணமே கிடையாது.

பை ஒன்று எப்போதும் தயாராக வாசல் பக்கம் தொங்கும். மாற்றுத் துணி இரண்டு ஜோடி, பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள், டயபர், ரப்பர் ஷீட், ஒருநாள் மருந்து கூடுதலாக. மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே மட்டும் பையில் போகாது, என் கைப்பையில்தான். ஆகாரத்தை வீட்டிலேயே கரைத்து எடுத்துப் போகாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மாவைத் தனியாக டப்பாவிலும், கொதித்த நீரை பிளாஸ்க்கிலும் கொண்டுபோய், அங்கே கரைத்து ஆறவைத்துக் கொடுங்கள். ஊற்றுமுன்னும் பின்னும் குழாயில் ஆறிய தண்ணீர் விட்டுக் கழுவ மறக்கக் கூடாது. வண்டியில் ஏற்றி இறக்கும்போது குழாய் எதிலும் மாட்டாமல் பனியனுக்குள் செருகிக் கட்டிவிடுவேன். அது பிடுங்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே துவாரம் மூடிக்கொள்ள ஆரம்பிக்கும், உடனே ஆஸ்பத்திரிதான். ஆகவே போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி எது என்று கிளம்பும் முன்பே விசாரித்து வைத்துவிடுவேன்.

நாங்கள் போனது மெரினாவுக்கு. மணலில் சக்கர நாற்காலி ஒரு அடி நகராது என்பதால் அதுவரை அவன் கடலை ரோட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறான். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்கென்று மரப்பாதை ஒன்றை 2022 நவம்பரில் திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். திறந்த சில நாளிலேயே, டிசம்பரில் வந்த மாண்டஸ் புயல் அதன் கடல் பக்கத்தை உடைத்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். நாற்காலியை உருட்டிக்கொண்டு கடைசி வரை போனோம். ஈரக்காற்று முகத்தில் பட்டதும் அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான், காற்றைச் சாப்பிடுகிற மாதிரி. மகள் போட்டோ எடுத்துத் தள்ளினாள்.

ஆறு மணி ஆகாரத்தை அங்கேயே கொடுத்தேன். நாலு பேர் நின்று பார்க்கத்தான் செய்தார்கள். துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள் மகள். ஒரு குழந்தை, "ஆன்ட்டி, அண்ணா வயித்தால சாப்பிடறானா?" என்று கேட்டது. "ஆமா கண்ணு" என்றேன். அதோடு அதற்குத் திருப்தி, சுண்டலைத் தின்னப் போய்விட்டது. பெரியவர்கள்தான் கேட்கவும் மாட்டார்கள், நகரவும் மாட்டார்கள்!

கிளம்புகிற நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது. உடனே கூட்டம். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தார். "இரும்பு வேண்டாங்க, காத்து வரட்டும், கொஞ்சம் விலகி நில்லுங்க" என்று அவர் (என் வீட்டுக்காரர்தான்) தடுத்தார். பெல்ட்டைக் கழற்றி, விரித்த துணியில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் கூடாது. மகளுக்குக் கடிகாரம் பார்க்கிற வேலை. ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஸ்பிரே அடித்து 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். கையில் தயாராக வைத்திருந்தேன். இரண்டாவது நிமிஷத்தில் நின்றுவிட்டது. பிறகு வழக்கம்போல அசந்து தூங்கினான்.

"வீட்டுக்குப் போயிடலாமாம்மா?" என்றாள் மகள், முகம் வாடி. அவர்தான், "அங்கே போயும் தூங்கத்தானே போறான்? இங்கே காத்தாவது வருது" என்றார். மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இன்னும் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களுக்கு வாடகைக் கார்தான் தோது, மடக்கிய நாற்காலி டிக்கியில் அடங்கும். உட்கார முடிகிற குழந்தை என்றால் பஸ்ஸில் போகலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் போகும் துணைக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. 2024-ல் சென்னைக்கு வந்த தாழ்தளப் பஸ்களில் நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்ற சாய்வுப் பலகை இருக்கிறது. துணையில்லாமல் போகமுடியாதவர்களுக்கு ரயிலிலும் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. அதற்கு ரயில்வேயின் அடையாள அட்டையை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும்.

அடுத்து வண்டலூர் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை. பூங்காவைச் சுற்றிக்காட்ட பேட்டரி வண்டி ஓடுகிறது. டிசம்பரில், கதவு திறந்ததும் நுழைந்து, பன்னிரண்டு மணி ஆகாரத்துக்குள் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. சிங்கம், புலி எல்லாம் அப்புறம்தான். முதலில் பறவைகள் பக்கம் போகவேண்டுமாம், தம்பிக்குச் சத்தம் கேட்டால் பிடிக்கும் என்று.