மின்சார ரெயிலில் மலைக்குப் போகலாம்!

"அப்பா, நாம் எப்போது ஊட்டிக்குப் போவோம்?"

இந்தக் கேள்வி எழாத வீடு தாம்பரம் பக்கத்தில் உண்டா?

வகுப்பில் பக்கத்துப் பையன் ஊட்டிக்குப் போய் வந்திருப்பான். மலை ரெயிலில் ஏறியதைக் கதை கதையாகச் சொல்லி இருப்பான். அதைக் கேட்டு வந்த பிள்ளை, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தக் கேள்வியைக் கேட்கிறது.

அப்பா மனதுக்குள் கணக்குப் போடுகிறார். நாலு பேருக்கு ரெயில் கட்டணம். தங்குவதற்கு அறை. மூன்று நாள் சாப்பாடு. ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை. அதோடு இந்த மாத வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம்...

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார்.

அடுத்த வருஷமும் அதே கேள்வி, அதே பதில். இப்படியே பையனுக்கு மீசை முளைத்து விடுகிறது. அதன் பிறகு அவன் கேட்பது இல்லை. நண்பர்களோடு அவனே புறப்பட்டு விடுகிறான்!

ஊட்டி நல்ல ஊர்தான். கடலுக்கு மேல் 7 ஆயிரம் அடிக்கு அதிகமான உயரம். அந்த ஊருக்கு 1908-ம் ஆண்டிலேயே பல் சக்கர ரெயில் ஏறிவிட்டது. வசதி உள்ளவர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆனால், ஊட்டிக்குப் பணம் சேரும்வரை பிள்ளைகள் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டுமா?

வேண்டாம்! தாம்பரத்தில் இருந்து நீங்கள் தினமும் போகும் மின்சார ரெயில், மலைகளின் ஓரமாகத்தான் ஓடுகிறது. ஜன்னல் வழியே ஒரு தடவை பாருங்கள். திரிசூலத்தில் மலை. பரங்கிமலையில் மலை. வண்டலூரிலும் மலை!

ஆல்ப்ஸ் மக்கள் செய்வது என்ன?

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் என்ற பெரிய மலைத் தொடர் இருக்கிறது. சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் அங்கேதான் உள்ளன.

அங்குள்ள மலை ஊர்களில், குளிர்காலத்தில் எங்கு பார்த்தாலும் பனி மூடிக் கிடக்கும். மக்கள் காலில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாடுவார்கள். கோடை வந்தால் பனி உருகி, புல்வெளி தலைகாட்டும். உடனே கையில் தடியோடு மலை ஏறப் புறப்பட்டு விடுவார்கள். ஏரியில் படகு விடுவார்கள்.

அதாவது, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பொழுதுபோக்கு. "இது மழைக்காலம், இது பனிக்காலம்" என்று சொல்லி யாரும் வீட்டுக்குள் முடங்குவது இல்லை.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். நம் ஊரில் பனிக்கட்டி விழாது. ஆனால் நமக்கும் மார்கழிப் பனி உண்டே! அங்கிருந்தே தொடங்குவோம்.

மார்கழி, தை: பறவை பார்க்கும் காலம்

மழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் நேரம் இது. வேடந்தாங்கலுக்குப் புறப்படுங்கள்.

தாம்பரத்தில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர். செங்கல்பட்டு வரை மின்சார ரெயிலில் போகலாம். அதன் பிறகு பஸ். நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு வேன் பிடித்துக்கொள்ளலாம்.

ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இலை தெரியாத அளவுக்குப் பறவைகள் உட்கார்ந்திருக்கும். நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன்... பிள்ளைகள் எண்ணி எண்ணிக் களைத்துப் போவார்கள்.

இந்தப் பறவைகளைக் காப்பாற்றியவர்கள் ஊர் மக்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர், வயலுக்கு நல்ல உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்தார்கள். அவர்களுடைய காவல் உரிமையை 1798-ம் ஆண்டில் கலெக்டர் லயோனல் பிளேஸ் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார்.

மழை பொய்த்த வருஷத்தில் பறவைகள் அதிகம் வராது. விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு பள்ளிக்கரணை இருக்கிறது. அந்தச் சதுப்பு நிலத்தில், குளிர்காலத்தில் பூநாரைகளைக்கூடப் பார்க்கலாம். உலகம் போற்றிக் காக்க வேண்டிய ஈர நிலங்களின் 'ராம்சார்' பட்டியலில் பள்ளிக்கரணை 2022-ம் ஆண்டில் இடம்பெற்றது.

மாசி, பங்குனி: படி ஏறும் காலம்

வெயில் இன்னும் கடுமை ஆகவில்லை. கால்களுக்கு வேலை கொடுக்க ஏற்ற காலம்.

பல்லாவரத்துக்கு மேற்கே திருநீர்மலை இருக்கிறது. பல்லாவரத்தில் இருந்தும் குரோம்பேட்டையில் இருந்தும் எளிதாகப் போகலாம். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நாலு கோலத்தில் பெருமாளைச் சேவிக்கும் தலம் இது. மலை அடிவாரத்தில் ஒரு கோவில். உச்சியில் ஒரு கோவில். முழங்கால் வலி உள்ள பாட்டி கீழ்க்கோவிலில் சேவித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பேரன் பேத்திகள் மேலே ஓடிப்போய் வரலாம். யாருக்கும் மனக்குறை இராது!

ஒரு பெரிய மலை ஏறிப் பார்க்க ஆசையா? திருக்கழுக்குன்றம் போங்கள். செங்கல்பட்டில் இறங்கி பஸ் ஏற வேண்டும். 500-க்கும் அதிகமான படிகள். முன்பெல்லாம் அங்கு உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து உணவு வாங்கித் தின்றுவிட்டுப் போகும். 1990-களுக்குப் பிறகு அவை வருவது இல்லை. கழுகுகள் ஏன் குறைந்தன என்று பிள்ளைகள் கேட்டால், அதுவும் ஒரு நல்ல பாடம்தான்.

சித்திரை, வைகாசி: விடியலில் ஒரு மலை

அக்கினி நட்சத்திர வெயிலில் பாறை நெருப்பாகக் கொதிக்கும். பகலில் மலைப் பக்கம் போகாதீர்கள். ஆனால் விடியற்காலை உங்களுடையது!

முதல் ரெயிலைப் பிடித்து பரங்கிமலையில் இறங்குங்கள். சுமார் 300 அடி உயரம்தான். கட்டிய படிகள் உண்டு. ஏற முடியாதவர்களுக்கு உச்சி வரை சாலையும் உண்டு. ஏசுநாதரின் சீடரான தோமையார் இங்கு உயிர் துறந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. உச்சியில் பழமையான மாதா கோவில் இருக்கிறது.

மேலே நின்று பாருங்கள். காற்று சிலுசிலு என்று வீசும். கீழே விமான நிலையம். விமானம் ஓடி, எழும்பி, மேலே போவதை முழுவதும் பார்க்கலாம். எந்தக் குழந்தைக்கு இது அலுக்கும்?

இந்த மலைக்கும், உலகிலேயே உயரமான எவரெஸ்டு சிகரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சொன்னால் நம்பமாட்டீர்கள்!

1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். கொளுத்தும் வெயில். லாம்ப்டன் என்ற ஆங்கில அதிகாரி, பரங்கிமலை அடிவாரத்தில் இருந்து பெரும்பாக்கம் குன்று வரை தரையை அளக்கத் தொடங்கினார். கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அளக்க வேண்டிய தூரம் ஏழரை மைல். அப்படியானால் சங்கிலியை ஏறத்தாழ 400 தடவை நீட்ட வேண்டும்!

இந்தியாவை அளந்த மாபெரும் வேலைக்கு இதுதான் முதல் கோடு. அந்த வேலை வடக்கே இமயமலை வரை போயிற்று. 1852-ம் ஆண்டில், ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித மேதை கணக்குப் போட்டார். உலகிலேயே உயரமான சிகரம் எது என்பது அப்போதுதான் தெரிந்தது.

எவரெஸ்டை அளந்த கணக்கு, உங்கள் பரங்கிமலையில் தொடங்கியது. இதைப் பிள்ளைகளிடம் அந்த மலை உச்சியிலேயே சொல்லுங்கள். ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

ஆடி முதல் புரட்டாசி வரை: காட்டு நிழல்

மாலையில் மேகம் கூடும். சில நாள் மழையும் பெய்யும். வண்டலூருக்கு ஏற்ற காலம் இது.

சென்னையின் மிருகக்காட்சி சாலையை 1855-ம் ஆண்டில் எட்வர்டு பால்பர் என்பவர் தொடங்கினார். நகரத்துக்குள் இடம் போதவில்லை. எனவே 1985-ம் ஆண்டில் வண்டலூர் காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அதன் பெயர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா.

2016-ம் ஆண்டு டிசம்பரில் வீசிய 'வர்தா' புயலில் இங்கு ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதன் பிறகு புதிய கன்றுகள் நட்டு வளர்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. உள்ளே நடக்க வேண்டிய தூரம் அதிகம். காலையிலேயே போய்விடுங்கள். மிருகங்கள் சுறுசுறுப்பாக இருப்பதும் காலையில்தான்.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்கு நடுவே

அடைமழையில் வெளியே போகவேண்டாம். ஆனால் மழை விட்டு வெயில் அடிக்கும் நாள் ஒன்று வரும். அன்று திருநீர்மலைக்கு மறுபடியும் போங்கள். மாசியில் காய்ந்து கிடந்த மலை, பச்சைப் போர்வை போர்த்தி நிற்கும். சுற்றிலும் ஏரிகள் பளபளக்கும்.

மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் திருமங்கை ஆழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது வரலாறு. அந்த மலைக்கு ஏன் நீர்மலை என்று பெயர் வந்தது என்பது அன்றைக்குத்தான் உங்களுக்குப் புரியும்.

ஈரப் பாறை வழுக்கும். படியை விட்டு விலகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை!

இதைப் பெற்றோர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

நம் பக்கத்து மலைகள் பலவற்றை வெடி வைத்து உடைத்து, கல் எடுத்தார்கள். அப்படித் தோண்டிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பார்க்க நீச்சல் குளம் போல அழகாக இருக்கும். அதுதான் கல்குட்டை!

குளத்தில் கரையில் இருந்து ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கல்குட்டை அப்படி அல்ல. ஒரு அடி வைத்தால் முழங்கால். அடுத்த அடி வைத்தால் ஆள் முழுகும் ஆழம். பிடித்து ஏறக் கரை கிடையாது. சுற்றிலும் செங்குத்துப் பாறை. நீச்சல் தெரிந்த பையன்களும் இதில் உயிரை விட்டிருக்கிறார்கள்.

வீட்டாரோடு வெளியே போகாத பிள்ளை, வீட்டுக்குத் தெரியாமல் போகிறது. கல்குட்டைக்குப் போகும் வழி பல நேரங்களில் அப்படித்தான் தொடங்குகிறது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லும் முன்பு இதை நினைத்துப் பாருங்கள்.

மலை காத்திருக்குமா?

பரங்கிமலை, பல்லாவரம் பாறைக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல்தான். ஆகவே அறிஞர்கள் இதற்கு 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பாறையின் வயது 200 கோடி ஆண்டுக்கும் மேல்!

அதே பல்லாவரத்தில், 1863-ம் ஆண்டு மே மாதம், ராபர்ட் புரூஸ் பூட் என்ற அறிஞர் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். ஆதி மனிதன் செய்த கருவி அது. நம் நாட்டின் கற்கால வரலாறு அந்தக் கல்லில் இருந்துதான் வெளிச்சத்துக்கு வந்தது.

200 கோடி ஆண்டு நின்ற மலையை மனிதன் சில பத்து ஆண்டுகளில் ஜல்லியாக உடைத்துவிட்டான். பாதி மலை போனது போனதுதான். மீதியையாவது நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பார்த்தவன்தான் நாளைக்கு "உடைக்காதே" என்று சொல்வான்.

செலவு எவ்வளவு?

தாம்பரத்தில் இருந்து பரங்கிமலைக்கு மின்சார ரெயில் டிக்கெட், ஒரு டீயின் விலைகூட இல்லை. ஒரு தூக்கில் புளியோதரை. இன்னொரு தூக்கில் தயிர் சாதம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். தலைக்கு ஒரு துண்டு. சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் மலையில் போடாமல் எடுத்து வர ஒரு பை. இவ்வளவுதான்!

ஊட்டிக்கும் ஒரு நாள் போங்கள். அதற்காக மாதம் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். ஆனால் பிள்ளையின் வயதைச் சேர்த்து வைக்க முடியாது. எட்டு வயதுப் பையன் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு மலை ஏறுவது எட்டு வயதில்தான்.

இன்று மாலை அவன் மறுபடியும் கேட்பான்: "அப்பா, எப்போது போவோம்?"

"வருகிற ஞாயிற்றுக்கிழமை. காலை 5 மணிக்கு எழுந்திரு" என்று சொல்லிப் பாருங்கள்.

அன்று உங்களை எழுப்புவது அவனாகத்தான் இருக்கும்!