தண்ணீர் ஊற்றினால் மைதானம் முளைக்கும்!

டிசம்பர் மாதம். காலை ஆறு மணி. முகையூர் டீக்கடை பெஞ்ச்.

"ஸ்ஸ்... என்னா குளுருப்பா!" என்று துண்டைத் தலையோடு சேர்த்துக் காதை மூடிக்கொண்டார் பக்கத்தில் இருந்த பெரியவர். செல்போனில் பார்த்தேன். இருபத்தோரு டிகிரி!

அதே செல்போனில் நான் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ லடாக்கில் எடுத்தது. அங்கே மைனஸில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி இருட்டில் சில பிள்ளைகள் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு வெறும் தரைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, பயிரா?"

"இல்லீங்க பெரியப்பா, மைதானம். தண்ணி உறைஞ்சு ஐஸ் ஆனதும் அது மேல ஹாக்கி ஆடுவாங்க."

"ஐஸு கரைஞ்சிடாது?"

"கரைஞ்சிடும். ரெண்டு மாசம் தாங்கும்."

"அப்பறம்?"

"அடுத்த வருஷம் மறுபடி ஊத்துவாங்க."

பெரியவர் கிளாஸை வைத்தார். "வேல இல்லாத பசங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தீர்ப்பு சரியா? அப்பீல் செய்ய எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

ஃபெயில் ஆனால்தான் அட்மிஷன்!

லடாக்கின் தலைநகர் லே. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரம். நம் ஊட்டியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சிந்து நதிக்கரையில் ஃபே என்ற கிராமத்தில் இருக்கிறது செக்மால் என்ற மாணவர் வளாகம். 1988-ல் லடாக் இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. காலேஜ் என்று போர்டு கிடையாது. ஆனால் அங்கே சேர ஒரு தகுதி வைத்திருந்தார்கள் பாருங்கள்... பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆகியிருக்க வேண்டும்!

ஜோக் இல்லை. அந்தக் காலத்தில் லடாக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பத்தாவதில் கோட்டை விட்டார்கள். பேசுவது லடாக்கி, பாடம் உருது, ஒன்பதாவது வந்ததும் திடீரென்று இங்கிலீஷ். யாராக இருந்தாலும் கவிழ வேண்டியதுதான். 'உனக்கு மூளை இல்லை' என்று ஊர் சொல்லி அனுப்பிய பிள்ளைகளைக் கூப்பிட்டு, 'வாப்பா, இந்த வளாகத்தையே நீ நடத்து' என்று சாவியைக் கொடுத்தது செக்மால். மண் கட்டடம். சூரிய வெப்பத்தால் குளிர்காலத்தில் அறைக்குக் கதகதப்பு. மாடு, தோட்டம், சமையல், கணக்கு எல்லாம் மாணவர் பொறுப்பு. (இன்றைக்கு பாஸ் ஆனவர்களும் சேரலாம். பாவம், அவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்?)

அந்தப் பொறுப்புகளில் ஒன்று, டிசம்பர் வந்தால் ஐஸ் மைதானம் போடுவது.

சம்பா சாகுபடி மாதிரி

நம்மூர்ப் பையன்கள் கபடி ஆடத் தரையைக் கொத்தி, மண்ணைப் பதம் பண்ணிக் கோடு போடுவார்களே, அந்த ஜாதி வேலைதான் இது. ஆனால் நூறு மடங்கு பொறுமை வேண்டும்.

முதலில் தரையை மட்டம் செய்ய வேண்டும். சுற்றிலும் வரப்பு. பிறகு, சூரியன் இறங்கியதும் தண்ணீர். நம் விவசாயி மாதிரி மடை திறந்து ஒரேயடியாக விட்டால் காரியம் கெட்டது. மேலே தோல் மட்டும் உறையும், அடியில் தண்ணீரோ வெற்றிடமோ நிற்கும். ஸ்கேட்ஸ் கால் பட்டதும் 'டப்'பென்று உடையும். ஆகவே மெல்லிசாக ஒரு பூச்சு. அது இறுகியபின் இன்னொரு பூச்சு. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது மாதிரி, ராத்திரி ராத்திரியாக.

காலையில் வெயில் வந்தால் வில்லன் வந்த மாதிரி. அவ்வளவு உயரத்தில் காற்று குளிர்ந்தாலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். மேல்பரப்பு இளகும். காற்று கொண்டுவந்து கொட்டும் புழுதி வேறு! கறுப்புத் தூசி வெயிலைக் குடித்துக்கொண்டு ஐஸுக்குள் குழி பறிக்கும். ஆகவே பெருக்கு, தள்ளு, மறுபடி தண்ணீர் ஊற்று. ஆட்டமெல்லாம் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான்.

சீசனின் ஆரம்பத்தில் ஒரு அணியைப் பின்தொடர்ந்தால் நீங்கள் பார்க்கப் போவது கோல் அல்ல. குழாய், மண்வெட்டி, துடைப்பம். ஸ்டிக்கைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி அணி உருவாகிவிடுகிறது. ராத்திரி மைனஸ் குளிரில், ஈரக் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நம்ம ஆளா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும் அல்லவா?

முதல் பாடம், விழுவது

ஐஸ் தயார். அடுத்தது? விழ வேண்டும்.

நிஜமாகத்தான். பத்து மாதம் தரையில் நடந்த கால், ஐஸ் மேல் ஏறியதும் யாருடைய காலோ மாதிரி நடந்துகொள்ளும். முழங்காலை மடக்கி, உடம்பை முன்னே சாய்த்து, விழுந்தால் அடிபடாமல் விழுந்து எழப் பழக வேண்டும். அதற்கப்புறம் நிற்கப் பழக வேண்டும். ஐஸில் ஓடுவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம்! பிளேடைப் பக்கவாட்டில் திருப்பி ஐஸைச் சீவினால்தான் பிரேக். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத நம் ஆபீஸ் நண்பர்களை இந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம்.

ஆட்டம் சுருக்கமாக இதுதான். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. பந்து கிடையாது. 'பக்' என்ற ரப்பர் வில்லை. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம். எடை கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து அளவுதான், 156 முதல் 170 கிராம். துள்ளாமல் இருக்க அதை ஆட்டத்துக்கு முன் ஐஸில் வைத்து விறைக்க வைப்பார்கள். பிறகு அது முகத்தை நோக்கி வரும்போது கோல்கீப்பர் கும்பிடும் தெய்வம் எதுவோ!

தப்புச் செய்தால் இரண்டு நிமிடம் தனிப் பெட்டியில் உட்கார வேண்டும். நம் கபடியில் அவுட்டான ஆள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தவிப்பானே, அதே தவிப்பு. இன்னொரு விஷயம், ஒருவர் ஒரு தடவை உள்ளே போனால் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம்தான் ஆடுவார். அதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஆட்டம் நிற்காமலே ஆள் மாறுவார்கள். 'ஷிஃப்ட்' என்று பெயர். நாற்பத்தைந்து செகண்ட் ஷிஃப்ட்! நம் மேனேஜர் காதில் விழ வேண்டாம், அப்புறம் நமக்கு எட்டு மணி நேரத்திலும் அதே வேகத்தைக் கேட்பார்.

பூட்ஸில் ஆணியடித்து...

இந்தியாவில் ஐஸ் மைதானம் புதிதல்ல. சிம்லாவில் 1920-லேயே ராத்திரியில் தண்ணீர் விட்டு உறையவைத்து ஸ்கேட்டிங் செய்தார்கள். லடாக்கில் ஐஸ் ஹாக்கியைப் பரப்பியது ராணுவம். லேயில் உறைந்த குளத்தின் மேல் சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்து ஊர்ப் பையன்களுக்கு ஆசை வந்தது. ஸ்கேட்ஸுக்குக் காசு? பழைய ராணுவ பூட்ஸின் அடியில் உள்ளூர்க் கொல்லர் அடித்துக்கொடுத்த இரும்புத் தகடு. முடிந்தது கதை.

1989-ல் இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் வந்தது. ஆனால் ஆண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டியில் இறங்கியது 2009-ல், அபுதாபியில். இருபது வருஷம்! ஐஸே இல்லாத பாலைவனத்தில் போய் முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் என்பது உபரி வேடிக்கை. அவர்களிடம் மின்சாரத்தில் உறையும் ரிங்க் இருந்தது. இமயமலை வைத்திருக்கிற நம்மிடம் அன்றைக்கு முழு அளவில் அப்படி ஒன்றுகூட இல்லை.

2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் ஒரு பெரிய உள்ளரங்க ரிங்க் கட்டினார்கள். கொஞ்ச காலத்தில் பூட்டிவிட்டார்கள். கரண்ட் பில் கட்டி மாளவில்லை. 2025-ல்தான் அதற்கு மறுபடி உயிர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்திய அணியே, டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு ஷாப்பிங் மாலில் இருந்த சின்ன ரிங்க்கில் பயிற்சி எடுத்தது. ஒரு பக்கம் பர்கர், மறுபக்கம் இந்திய அணி!

"பசங்க முடிச்சப்பறம் வாங்க"

ஆண்களுக்கே இந்தக் கதி என்றால் பெண்கள்? இருப்பது ஒரு குளம், இரண்டு மாத ஐஸ். வரிசையில் முதலில் ராணுவ அணிகள், அப்புறம் ஆண்கள். பெண்களுக்கு மிச்சம் மீதி நேரம். எல்லோரும் ஆடிக் கீறிவிட்டுப் போன ஐஸ். அண்ணன் போட்டுக் கழித்த, இரண்டு சைஸ் பெரிய ஸ்கேட்ஸ். 'பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த முரட்டு ஆட்டம்?' என்ற கேள்வி லடாக்கி மொழியிலும் உண்டாம்.

செக்மால் பெண்களுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. யாரிடமும் போய் 'எங்களுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்க' என்று நிற்கவேண்டியதில்லை. தாங்களே தண்ணீர் ஊற்றின ஐஸ் அது! இந்தியப் பெண்கள் அணிக்குப் போன வீராங்கனைகளில் சிலர் அந்த வளாகத்தில் ஆடிப் பழகியவர்கள்.

2016-ல் இந்தியப் பெண்கள் அணி முதல்முறையாக ஆசியப் போட்டிக்குப் போனது, தைவானின் தைபே நகருக்கு. ஒரு வெற்றிகூட இல்லை. அடுத்த வருஷம் பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் கையேந்தி நிதி திரட்டினார்கள். 2017 மார்ச், பாங்காக். பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். முதல் வெற்றி. மைதானத்தில் தேசிய கீதம் ஒலித்தபோது பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். வருஷம் முழுக்க ஐஸ் கிடைக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த அழுகை புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

2018 ஜனவரியில் கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கே வந்து பயிற்சி கொடுத்தார். நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். கிரிக்கெட்டில் டெண்டுல்கர் நம் முகையூருக்கு வந்து பேட் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனில், ஐக்கிய அரபு நாட்டின் அல் அய்னில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்களுக்கு வெண்கலம். முதல் பதக்கம்.

'நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 ஜனவரியில் லேயில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில், ஐஸ் ஸ்கேட்டிங்கில் தமிழ்நாடு தங்கப் பதக்கங்கள் வாங்கியது. ஆமாம் சார், மே மாத வெயிலில் தார் ரோடு உருகுகிற தமிழ்நாடு! ரோலர் ஸ்கேட்டிங்கில் காலைப் பழக்கிவிட்டு ஐஸுக்குத் தாவுவது இந்தியாவில் பலர் பிடிக்கிற குறுக்குவழி.

நூறு சதவீதத் தேய்மானம்

பி.காம்.மில் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். மேஜை நாற்காலிக்குப் பத்து சதவீதம், மெஷினுக்குப் பதினைந்து. ஐஸ் மைதானத்தைக் கணக்கில் எழுதினால்? டிசம்பர் கடைசியில் சொத்து. பிப்ரவரி முடிவதற்குள் நூறு சதவீதம் தேய்மானம். மார்ச் 31 அன்று ஐந்தொகையில் வெறும் ஈரம்! எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

அந்த இரண்டு மாதத்துக்கும் இப்போது ஆபத்து. ஐஸ் முன்னைப் போல் சீக்கிரம் பிடிப்பதில்லை, சீக்கிரம் விட்டும்விடுகிறது என்று லடாக் ஆட்டக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். 2025 பிப்ரவரியில், காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கவேண்டிய பனிச்சறுக்குப் போட்டிகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். அறுபது நாள் சீசனில் பத்து நாள் போனால் நமக்கு அது ஒரு எண். பத்தொன்பது வயதில், இந்திய அணித் தேர்வுக்குத் தயாராகிற ஒரு பெண்ணுக்கு அது வருஷத்து ஐஸில் ஆறில் ஒரு பங்கு.

அப்படியும் டிசம்பர் வந்தால் குழாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நம் காலேஜ் நாட்களை நினைத்துப் பார்த்தேன். கிரவுண்டு சரியில்லை, கோச் இல்லை, நெட் இல்லை... எத்தனை சாயங்காலங்களை இந்தப் பட்டியலைப் போட்டே கழித்திருக்கிறோம்! ஆடாததற்குக் காரணம் தேடுவதில் மாநில அளவில் ஆடியிருக்கலாம்.

மறுநாள் டீக்கடையில் பெரியவரைப் பிடித்தேன். முழுக் கதையையும் சொன்னேன். பத்தாவது ஃபெயில், பெரிய சைஸ் ஸ்கேட்ஸ், பாங்காக் அழுகை, வெண்கலம். பேசாமல் கேட்டார்.

"வருஷா வருஷம் கரைஞ்சி போவும்னு தெரிஞ்சே ஊத்துறாங்களா?"

"ஆமாங்க பெரியப்பா."

டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"நானும்தான் வருஷா வருஷம் மல்லாட்ட போடறேன்" என்றார். "மழ வந்து எல்லாத்தையும் அடிச்சிக்கினு போவுது. அதுக்காவ போடாம இருந்துட முடியுமா?"

அப்பீல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.