கருப்பி ஏன் என்னைக் கடித்தது?

கெலுகோரில் நாங்கள் நான்கு மாணவர்கள் வாடகைக்கு எடுத்த அடுக்குமாடி வீட்டின் வாசலில், முதல் நாளே ஒரு கறுப்புப் பூனை உட்கார்ந்திருந்தது. முன்பு அங்கே தங்கியிருந்தவர்கள் படிப்பு முடிந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அவர்கள் வைத்த பெயர் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கருப்பி என்று கூப்பிட்டோம்.

இரண்டாவது வாரம் அது என் கையைக் கடித்துவிட்டது. மடியில் போட்டு இறுக அணைத்துக்கொண்டிருந்தேன். வால் அங்கும் இங்கும் வேகமாக அடித்தது. வாலாட்டுகிறது, மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். நாயின் மொழியை வைத்துப் பூனையைப் படித்த தவறு அது. பூனை வாலை வெடுக்வெடுக்கென்று அடித்தால் 'போதும், விடு' என்று பொருள். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, கிளினிக்குக்கும் போய்வந்தேன். "சோறு போட்ட கையையே கடிக்குதே, பூனைக்கு வீட்டு மேலதான் ஆசை, ஆளு மேல இல்ல" என்றார் பாட்டி, தொலைபேசியில்.

பாட்டி சொன்னது சரிதானா என்று தேடப்போய்த்தான், அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலே குழுவினர் செய்த ஆய்வைப் படித்தேன். 2019-இல் வெளிவந்தது. பழக்கமில்லாத அறையில் பூனைக்குட்டி தன் உரிமையாளருடன் இரண்டு நிமிடம் இருக்கும். அவர் வெளியே போய்விடுவார். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்புவார். கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறிய உளவியலாளர்கள் பயன்படுத்தும் சோதனையைப் போன்றதே இது. வகைப்படுத்த முடிந்த 70 குட்டிகளில் 64.3 விழுக்காடு, உரிமையாளர் திரும்பியதும் பதற்றம் தணிந்து, மறுபடியும் அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. மனிதக் குழந்தைகளிடமும் ஏறக்குறைய இதே அளவுதான். அந்த அறை குட்டிகளின் வீடு இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றுக்குத் தெம்பு கொடுத்தது சுவர்கள் அல்ல, ஆள்.

பிறகு ஏன் நமக்கு அது தெரிவதில்லை? நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வாழ்ந்தது. பூனையின் மூதாதையான காட்டுப்பூனையோ தனியாக வேட்டையாடியது. அதனால் பூனையின் அன்பு ஆர்ப்பாட்டம் இல்லாதது. வாலைக் கொடிபோல நிமிர்த்திக்கொண்டு வந்தால் அது வணக்கம். கன்னத்தையும் நெற்றியையும் நம் காலில் தேய்த்தால், அங்குள்ள சுரப்பிகளின் வாசனையை நம்மீது பூசி, தன்னுடையவர்களோடு நம்மையும் சேர்த்துக்கொள்கிறது. முன்னங்கால்களால் மாறி மாறிப் பிசைவது, தாயிடம் பால் குடித்த காலத்துப் பழக்கம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று கத்திக்கொள்வது அரிது. அந்தக் குரல் பெரும்பாலும் நமக்கானது!

எனக்கு மிகவும் பிடித்தது கண் சிமிட்டல். பூனையைப் பார்த்துக் கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால் அதுவும் அப்படியே பதில் சொல்லும், நீட்டிய கையை நோக்கி வருவதற்கும் வாய்ப்பு கூடும் என்று 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நானும் முயன்றேன். மூன்று நாள் கருப்பி என்னைப் பைத்தியம் போலப் பார்த்தது. நான்காம் நாள் சிமிட்டியது.

உறுமல் மட்டும் ஏமாற்றும். இன்பத்தில் 'குர்ர்' என்னும் பூனை, வலியிலும் அப்படிச் செய்யும். சாப்பிடாமல் ஒரு மூலையில் ஒடுங்கி உறுமினால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இப்போது நான் மடியில் இழுத்துப் போடுவதில்லை. பாடம் படிக்கும்போது அதுவே வந்து என் பாதத்தின்மேல் சாய்ந்து படுக்கும். முதுகைக் காட்டித்தான்! தன் முதுகை நம்பி ஒப்படைக்கிறது என்று புரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது.

இறுதித் தேர்வு முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். "அடுத்து வர்றவங்க பாத்துக்குவாங்க, விடு" என்கிறார்கள் தோழிகள். ஒருமுறை அப்படி விடப்பட்ட பூனை அது. வாசலில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்ததோ!

சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அம்மாவுக்குப் பூனை என்றாலே ஆகாது. கருப்பி கண் சிமிட்டும் காணொளியைப் போன வாரம் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. நேற்றிரவு ஒரு வரி வந்தது: "தயிர்சோறு சாப்பிடுமா?"