பழைய நெல் அறுவடை மிஷின்: ஸ்பேர் எங்கே கிடைக்கும், எதை முன்கூட்டியே வாங்கணும்?

டெல்டாவில் ஜனவரி, பிப்ரவரி என்றால் சம்பா அறுவடை. முற்றிய கதிர் நிற்கும்போது மழை பிடித்தால் பயிர் சாய்ந்துவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் நெல்லைக் காயவைத்துவிட்டுத்தான் போட முடியும். அப்படிப்பட்ட நேரத்தில் கம்பைன் ஹார்வெஸ்டர் வயல் நடுவே நின்றுபோனால் ஓனருக்கு வாடகை போகும், விவசாயிக்கு விளைச்சலே போகலாம்.

பழைய வண்டி நிற்பதற்கு எப்போதும் பெரிய பழுது காரணமாக இருப்பதில்லை. ஒரு பேரிங் போயிருக்கும், ஒரு பெல்ட் அறுந்திருக்கும். மாற்ற ஒரு மணி நேரம்தான் ஆகும். ஆனால் அந்தப் பொருள் வந்துசேர ரெண்டு நாள் ஆனால்? பழைய வண்டியைப் பொறுத்தவரை பராமரிப்பில் பாதி, எந்த ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று முன்பே தெரிந்துவைப்பதுதான்.

டயர் வண்டியா, பெல்ட் வண்டியா?

டயர் வண்டிகளில் பல பஞ்சாபின் நாபா, பர்னாலா பக்கம் தயாரானவை. இவற்றில் நிறைய மாடல்களில் இருப்பது அசோக் லேலண்ட் இன்ஜின். அதனால் இன்ஜின் சாமான்களுக்கு லாரி ஸ்பேர் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம். தகரம், ஷாஃப்ட், புல்லி போன்றவற்றை லேத் பட்டறையில் செய்துகொள்ளவும் வழி உண்டு.

சேற்று வயலில் இறங்கும் பெல்ட் வண்டி வேறு கதை. ரப்பர் டிராக், அதற்கான ரோலர், ஹைட்ராலிக் பம்ப் எல்லாம் அந்தந்த மாடலுக்கே உரியவை. டீலரை விட்டால் வழி குறைவு.

நம்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது

பேரிங்குக்குக் கம்பெனி பெயர் முக்கியமில்லை, அதன் மேல் பொறித்த நம்பர் போதும். 6206 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை (06) ஐந்தால் பெருக்குங்கள்: உள் துளை 30 மி.மீ. எந்த ஊர் பேரிங் கடையிலும் இந்த நம்பர் புரியும். சாதாரண வி-பெல்ட்டும் அப்படித்தான். பி-72 என்றால் 'பி' என்பது பெல்ட்டின் அகலத்தைக் குறிக்கும், 72 என்பது அங்குலத்தில் நீளம். ஹைட்ராலிக் ஹோஸை பழைய துண்டைக் காட்டி அளவெடுத்துச் செய்யச் சொல்லலாம்.

ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியேட்டர் பெல்ட்டுக்குப் பதில் சாதா பெல்ட் செட் ஆகாது. கதிரடிக்கும் டிரம், அதன் கீழே இருக்கும் கான்கேவ் சல்லடை, கத்தியை ஓட்டும் அமைப்பு ஆகியவற்றுக்கும் மாடலுக்கு ஏற்ற ஸ்பேர்தான் வேண்டும்.

டீலரிடம் கேட்கும்போது மாடல், சீரியல் நம்பர், பார்ட் நம்பர் மூன்றும் கையில் இருக்கணும். ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறியிருக்கும். கம்பெனி கைமாறுவதும் உண்டு: கிராப் டைகர் வண்டிகளைத் தயாரித்த ஜெர்மனியின் கிளாஸ், தன் இந்தியப் பிரிவை 2024-ல் ஜப்பானின் யன்மாருக்கு விற்றது. கடை போர்டு மாறினாலும், பழைய பார்ட் நம்பர் இருந்தால் அதற்கு இணையான புது நம்பரைத் தேட முடியும்.

புதிதாகக் கிடைக்காத பாகத்துக்குக் கடைசி வழி, அதே மாடலில் பிரித்துப் போட்ட வண்டி. கியர்பாக்ஸ், ஹவுசிங் போன்ற கனமான பாகங்களை இப்படி வாங்கலாம். தேயும் பாகங்களையும் ரப்பரையும் பழசாக வாங்கினால் அடுத்த சீசனிலேயே மறுபடி செலவு.

சீசன் முடிந்ததும் செய்யவேண்டியவை

* வண்டிக்குள் தங்கிய நெல், வைக்கோலை முழுதாக எடுங்கள். எலி வந்தால் முதலில் போவது ஒயர்.
* பெல்ட்டுகளின் இறுக்கத்தைத் தளர்த்திவையுங்கள்.
* டிரம்மின் ராஸ்ப் பார் தேய்ந்திருந்தால் எதிரெதிர் ஜோடியாகவே மாற்றணும். ஒன்றை மட்டும் மாற்றினால் எடை சமநிலை கெட்டு, டிரம் அதிர்ந்து பேரிங்கைத் தின்னும்.
* ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகர சத்தமோ ஆட்டமோ இருந்தால் அந்த பேரிங்கை இப்போதே மாற்றிவிடுங்கள்.

சீசன் ஓடும்போது தினமும் கிரீஸ், ஏர் ஃபில்டர், ரேடியேட்டர் வலை மூன்றையும் பார்க்கணும். சைலன்சர் பக்கம் சேரும் வைக்கோல் தூசி தீப்பிடிக்கும், அதை விடவே கூடாது. எந்த மூடியைத் திறந்தாலும் முதலில் இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அப்பாவோ மாமாவோ பழைய வண்டி வைத்திருக்கிறாரா?

அடுத்த முறை போகும்போது உங்கள் போனை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். சீரியல் பிளேட், இன்ஜின் நம்பர், பெல்ட், பேரிங் நம்பர்கள் எல்லாவற்றையும் படமெடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு, ஆபரேட்டருக்கும் அனுப்பிவிடுங்கள். அடிக்கடி போகும் பேரிங், பெல்ட், கத்தி பிளேடு, ஃபில்டர் ஆகியவற்றில் ஒரு செட் வாங்கி வண்டியின் டூல் பாக்ஸில் வைக்கச் சொல்லுங்கள். குறுவை அறுவடை தொடங்கும் செப்டம்பருக்கு முன்பே இது முடிந்திருந்தால் நல்லது.