பெனிசிலின் ஊற்றினால் பாக்டீரியா ஏன் அஜினோமோட்டோவைக் கக்குகிறது?

எங்க தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வரை, எந்த ஃப்ரைடு ரைஸ் கடையிலும் அஜினோமோட்டோ டப்பா இருக்கும். அஜினோமோட்டோ என்பது கம்பெனி பெயர். உள்ளே இருப்பது குளுட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் சோடியம் உப்பு. 1908-ல் ஜப்பானின் இகேதா கிகுனாயே கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். பிறகு பல வருஷம் கோதுமைப் புரதத்தை அமிலத்தில் வேகவைத்துத்தான் எடுத்தார்கள்.

1956-ல் கியோவா ஹக்கோ நிறுவனத்தின் கினோஷிதா குழு, குளுட்டமேட்டை வெளியே தள்ளும் ஒரு மண் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தது. இன்றைய பெயர் கொரினிபாக்டீரியம் குளுட்டாமிகம். உலகில் இப்போது ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் குளுட்டமேட் தயாராவது இந்த வழியில்தான்.

ஆனா இதுல ஒரு சிக்கல். இந்த பாக்டீரியா நல்லா சாப்பிட்டு சுகமா இருந்தா எதையும் தராது. பயோட்டின் என்ற வைட்டமின் குறைந்தால்தான் தரும். தொழிற்சாலைக்கு மலிவான தீனியோ மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு. அதில் பயோட்டின் ஏராளம். வடிகட்டி எடுக்கவும் முடியாது. அதற்குக் கிடைத்த குறுக்கு வழிதான் பெனிசிலின்.

அளவும் நேரமும் முக்கியம். பாக்டீரியா மும்முரமாகப் பெருகும்போது, மில்லிலிட்டருக்குச் சில யூனிட் மட்டும் சேர்க்க வேண்டும். முன்னாடியே போட்டால் கூட்டம் வளராது. அதிகம் போட்டால் செத்துவிடும்.

சரி, உள்ளே என்ன நடக்குது? பெனிசிலின் செல்லின் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கும். சுவர் பலவீனமானதும் செல் உப்பும். ரொம்ப நாள் சொல்லப்பட்ட விளக்கம்: சவ்வு ஓட்டையாகிறது, குளுட்டமேட் ஒழுகுகிறது. எங்க பாஷையில் மெமரி லீக். எனக்கு இது எப்பவுமே உறுத்தும். ஓட்டை என்றால் உள்ளே இருக்கிற எல்லாமே அல்லவா ஒழுகணும்? குளுட்டமேட் மட்டும் ஏன் இவ்வளவு?

2007-ல் அஜினோமோட்டோ நிறுவன ஆய்வாளர்கள் சவ்வில் ஒரு புரதத்தைக் காட்டினார்கள். சவ்வு இழுபட்டால் திறக்கும் கதவு அது. இன்று எம்எஸ்சி-சிஜி என்கிறார்கள். இந்த வகைக் கதவுகளின் இயல்பான வேலை, திடீரென்று தண்ணீர் புகுந்து உள் அழுத்தம் ஏறும்போது செல் வெடிக்காமல் காப்பது. குக்கரின் சேஃப்டி வால்வு மாதிரி. அதன் மரபணுவை நீக்கினால் குளுட்டமேட் வெளியேறுவது வெகுவாகக் குறைந்துபோனது. ஆக, இது ஓட்டை இல்லை, வால்வு.

கதவு திறந்தால் மட்டும் போதாது, உற்பத்தியும் கூடணும். சர்க்கரையை எரிக்கும் பாதையில் ஒரு முச்சந்தி உண்டு. ஒரு கிளை ஆற்றலுக்கு, இன்னொன்று குளுட்டமேட்டுக்கு. பெனிசிலின் பட்டதும் முதல் கிளையின் என்சைம் மந்தமாகிறது. ஓடிஹெச்-ஐ என்ற புரதம் அதற்கு பிரேக் போடுகிறது. அதனால் சரக்கு இரண்டாவது கிளையில் திரும்புகிறது.

இன்னொரு ஆச்சரியம்: காசநோய்க் கிருமி இந்த பாக்டீரியாவுக்குச் சொந்தக்காரன். இரண்டுக்கும் மெழுகு மாதிரி மைக்கோலிக் அமிலம் கலந்த சுவர். அரசு மருத்துவமனையில் காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் மருந்து. அதைக் கொடுத்தாலும் நம்ம பாக்டீரியா குளுட்டமேட்டைக் கக்குகிறது, 2005-ல் காட்டினார்கள். தங்களை வெளியே துரத்தும் பொறியைத் தொடுவது எந்த மருந்து என்று இந்த உயிரிக்குக் கவலையில்லை, சுவர் கெட்டால் சரி.

"அப்போ அந்தத் தூள்ல பெனிசிலின் இருக்குமா சார்?" என்று ஆபீஸில் கேட்டார்கள். குளுட்டமிக் அமிலத்தைப் புளிப்பான கரைசலில் படிகமாக்கிப் பிரிக்கிறார்கள். பெனிசிலின் அமிலத்தில் சிதையும். எனக்குக் கவலை தட்டைப் பற்றி இல்லை. பெரிய பெரிய தொட்டிகளில் ஆன்டிபயாட்டிக் ஊற்றுவது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் காலத்தில் நல்ல பழக்கம் இல்லை.

மாற்று வழி இருக்கிறது. சூட்டை ஏற்றினாலே குளுட்டமேட் விடும் ரகங்களை உருவாக்கிவிட்டார்கள். எம்எஸ்சி-சிஜி கதவிலேயே சில மாற்றங்கள் வந்தால், பயோட்டினையும் குறைக்க வேண்டாம், பெனிசிலினும் வேண்டாம். அது தானாகவே திறந்து நிற்கிறது.