மறுமுனையில் யார்?

புதிய பந்தை ஆள்வதில் யார் பெரியவர்? சராசரிக் கணக்கில் சிக்காத ஒரு விஷயம் இந்த விவாதத்தில் எப்போதும் விட்டுப்போகிறது.

1983 நவம்பர், ஆமதாபாத். மேற்கு இந்தியத் தீவுகளின் இரண்டாவது இன்னிங்ஸில் விழுந்த 10 விக்கெட்டுகளில் 9 கபில் தேவுக்கு. கொடுத்த ரன்கள் 83. ஆனால் 242 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 103க்குச் சுருண்டது. இன்னிங்ஸில் ஒன்பது பேரை வீழ்த்தியவர், தோற்றுப்போன அணியின் கேப்டன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து பிரிஸ்பேனில் ரிச்சர்ட் ஹாட்லி 52 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார். மீதமிருந்த ஒரு விக்கெட்டுக்கான கேட்சைப் பிடித்தவரும் அவரே. நியூசிலாந்துக்கு இன்னிங்ஸ் வெற்றி.

மாபெரும் வேகப்பந்து வீச்சாளர்களை ஒப்பிடுபவர்கள் முதலில் பார்ப்பது சராசரியைத்தான். மால்கம் மார்ஷல் 20.94, கர்ட்லி ஆம்ப்ரோஸ் 20.99, கிளென் மெக்ரா 21.64, ஹாட்லி 22.29. கபில்? 29.64. இந்த வரிசையில் அவர் வெகு தூரம் பின்தங்கி நிற்கிறார். அது நியாயமான வரிசைதானா?

பளபளப்பின் ஆயுள்

புதிய பந்தின் மவுசு கொஞ்ச நேரம்தான். தோலின் பளபளப்பும் எடுப்பாக நிற்கும் தையலும் சேர்ந்து பந்தைக் காற்றில் வளைக்கின்றன; தரையில் பட்டதும் தையல் அதைத் திசை மாற்றுகிறது. இங்கிலாந்தின் பச்சைப் புல்லிலும் மேக மூட்டத்திலும் இந்த வித்தை நீண்ட நேரம் நடக்கும். இந்தியாவின் காய்ந்த மண்ணில் சில ஓவர்களிலேயே பந்து சொரசொரப்பாகிவிடும்.

அந்தக் குறுகிய நேரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஆம்ப்ரோஸுக்கு உயரம் ஆயுதம். நல்ல அளவில் விழுந்த பந்தே மார்புக்கு எழும்பும். மெக்ராவிடம் மிரட்டும் வேகம் இல்லை. ஆஃப் ஸ்டம்பை ஒட்டி ஒரே இடத்தில் போட்டுப் போட்டே பேட்ஸ்மேனின் பொறுமையைக் கரைத்துவிடுவார். ஹாட்லி ஓட்டத்தைச் சுருக்கி, ஸ்டம்புக்கு மிக நெருக்கமாக வந்து வீசுவார். எதை ஆடுவது, எதை விடுவது என்று பேட்ஸ்மேனுக்குப் புரியாது.

மார்ஷல் மற்ற மேற்கு இந்திய வேகங்களைவிடக் குள்ளம். அவருடைய பந்து எகிறாமல் வழுக்கிக்கொண்டு வரும். 1983இல் கான்பூரில் சுனில் கவாஸ்கரின் கையிலிருந்து மட்டையையே தட்டிவிட்டது அவருடைய பந்து. அதே தொடரின் கடைசி டெஸ்டில், சென்னையில், முதல் ஓவரிலேயே கெய்க்வாடையும் வெங்சர்க்காரையும் வெளியேற்றினார். நான்காவது ஆட்டக்காரராக கவாஸ்கர் இறங்கியபோது ஸ்கோர் 2 விக்கெட்டுக்குப் பூஜ்யம். அன்று தொடங்கிய இன்னிங்ஸை ஆட்டமிழக்காமல் 236 வரை கொண்டுபோனது கவாஸ்கரின் சாமர்த்தியம்.

ஜோடிப் பொருத்தம்

ஆனால் புதிய பந்து ஒருவர் கையில் இருப்பதில்லை. ஓவருக்கு ஓவர் முனை மாறுகிறது. 1994இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இங்கிலாந்து 46 ரன்னுக்கு வீழ்ந்ததை ஆம்ப்ரோஸின் சாதனை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். முதல் பந்திலேயே ஆதர்டனை வீழ்த்தியதும், 24 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்ததும் அவர்தான். மறுமுனையில் கோர்ட்னி வால்ஷ் 16 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்திருந்தார். ஆம்ப்ரோஸிடமிருந்து தப்பியவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. மார்ஷலுக்கு மைக்கேல் ஹோல்டிங், மெக்ராவுக்கு ஜேசன் கில்லெஸ்பி, வாசிம் அக்ரமுக்கு வக்கார் யூனிஸ்.

கபிலுக்கு? 1978இல் அவர் பைசலாபாத்தில் டெஸ்ட் ஆட வந்தபோது இந்தியாவில் புதிய பந்து வெறும் சடங்கு. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் கைக்குப் பந்து போவதற்குள் அதன் பளபளப்பு தேய வேண்டும், அவ்வளவுதான். சில டெஸ்டுகளில் கவாஸ்கரே அந்தச் சடங்கை நடத்தி வைத்தார். அந்த மண்ணில், பக்கவாட்டில் திரும்பித் துள்ளி வீசிய ஓர் இளைஞர், வெளியே வளையும் பந்தால் ஸ்லிப்பில் ஆள் நிறுத்தும் துணிச்சலை அணிக்குக் கொடுத்தார். மறுமுனையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது.

ஒரே மண், ஒரே பருவம் என்ற ஒப்பீடு அந்த 1983 தொடரில்தான் கிடைக்கிறது. ஆறு டெஸ்டுகளில் மார்ஷல் 33 விக்கெட், ஹோல்டிங் 30, கபில் 29. மார்ஷலும் கபிலும் ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்தது 19 ரன்னுக்கும் குறைவு. தொடரோ 3-0 என்று மேற்கு இந்தியத் தீவுகளுக்குப் போனது. மார்ஷலுக்குத் துணையாக ஹோல்டிங் இருந்தார். கபிலுக்கு அப்படி ஒருவர் இல்லை.

இதனால் மார்ஷலைவிடக் கபில் பெரியவர் என்று ஆகிவிடாது. எந்த மண்ணிலும் எந்தப் பந்திலும் மிரட்டியவர் மார்ஷல். ஆனால் 20.94க்கும் 29.64க்கும் உள்ள இடைவெளி முழுவதும் திறமையின் இடைவெளி அல்ல. 1994இல் ஹாட்லியின் 431ஐத் தாண்டி 434இல் நின்றார் கபில். அதற்கு ஹாட்லியைவிட 45 டெஸ்டுகள் அதிகம் தேவைப்பட்டன. அத்தனை டெஸ்டுகளுக்கு அந்த உடம்பு தாங்கியதே ஒரு பதில்.

2018-19இல் இந்தியா முதன்முறையாக ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் தொடரை வென்றபோது, பும்ராவுக்கு மறுமுனையில் ஷமியும் இஷாந்த் சர்மாவும் இருந்தார்கள். ஒரு முனையில் தப்பினாலும் மறுமுனையில் மாட்ட வேண்டும் என்ற பயத்தை எதிரணிக்குக் கொடுக்க, கபில் அறிமுகமாகி நாற்பது ஆண்டுகள் ஆயின.