கரையோடு நின்றுவிடும் கண்
மழைக்கு முன்னே – 14

1903 நவம்பர் 12 அன்று பாலாறு வாணியம்பாடியைப் புரட்டிப்போட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். சுமார் 200 உயிர்கள் போயின. வங்கக் கடலில் என்ன திரள்கிறது என்பதை அந்தக் காலத்தில் அவ்வழியே போன கப்பல் கரை சேர்ந்து சொன்னால்தான் உண்டு.

இன்று அதைச் சொல்வது செயற்கைக்கோள். ஏரி நீரைக் காற்று தடவிப் போனால் தண்ணீர் சிலிர்க்கும் அல்லவா? கடலிலும் அப்படித்தான், ஓரிரு சென்டிமீட்டர் அலைகளாகச் சிலிர்க்கும். இஸ்ரோவின் ஸ்கேட்சாட்-1 சுமார் 720 கி.மீ. உயரத்திலிருந்து நுண்ணலைகளை அனுப்பியது. சிலிர்ப்பு கூடக் கூட, திரும்பி வரும் அலை வலுக்கும். அதை வைத்துக் காற்றின் வேகம் கிடைக்கும். ஒரே இடத்தை வெவ்வேறு கோணங்களில் பார்ப்பதால் திசையும் பிடிபடும். இப்படித் தயாராகும் படத்தில் கடல் முழுக்கப் பொடிப்பொடி அம்புகள். ஓரிடத்தில் மட்டும் அவை வட்டமடிக்கும்.

அந்த வட்டத்தின் நடுப்புள்ளி எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புயல் இளசாக இருக்கும்போது மேகத்திரள் ஒரு பக்கம் கிடக்கும், சுழலின் மையம் வேறு பக்கம் இருக்கும். மேகத்தை மட்டும் பார்த்து மையத்தை 50 கி.மீ. தள்ளி வைத்துவிட்டால், கணினி அந்தப் பிழையையும் சுமந்துகொண்டே கணக்குப் போடும்.

புயலை நகர்த்திச் செல்வது கடல்மட்டக் காற்று அல்ல, பல கி.மீ. உயரத்தில் ஓடும் காற்று. அதை இன்சாட்-3டிஆர் போன்ற செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் தருகின்றன. அரை மணி இடைவெளியில் எடுத்த படங்களில் ஒரே மேகத்துண்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். கீழ்க்காற்று, மேல்காற்று இரண்டும் கணிப்பில் சேர வேண்டும்.

2015 முதல் 2019 வரை, 24 மணி நேரம் முன்பு சொன்ன புயல் பாதையில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சராசரிப் பிழை 80 கி.மீ. நம் கணக்கில், வேலூரில் புறப்பட்டு ஆம்பூர், வாணியம்பாடி இரண்டையும் தாண்டிவிடும் தூரம். 72 மணி நேரக் கணிப்பில் 177 கி.மீ. ‘நிவர்’ புயல் கரையைக் கடந்த 2020-ல் அந்த 177, 111 ஆகக் குறைந்தது. இந்த மூன்று நாள் கணக்குதான் இந்த ஊர்களின் தோல் தொழிலுக்கு முக்கியம். உப்புத்தோலை ஊறவைத்துக் கழித்த நீரை வெயிலில் காயவிடும் தொட்டிகள் மழையில் நிரம்பினால், உப்பு பக்கத்து நிலத்துக்குப் போகும். தொட்டிக்குப் புதிதாக நீர் விடுவதை நிறுத்தவும், ரசாயன மூட்டைகளை மேட்டில் ஏற்றவும் ஒரு ராத்திரி போதாது.

கடற்காற்றை அளக்கும் செயற்கைக்கோள்கள் விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 2009-ல் ஏவிய ஓஷன்சாட்-2-ன் காற்றளவி 2014 பிப்ரவரியில் நின்றது. ஸ்கேட்சாட்-1 வந்தது 2016 செப்டம்பரில். அதுவும் 2021 பிப்ரவரியில் ஓய்ந்தது. அடுத்தது 2022 நவம்பரில்தான். முதல் இடைவெளியில் விசாகப்பட்டினத்தை ‘ஹுட்ஹுட்’ புயல் தாக்கியது. இரண்டாவதில் பாலாறு பெருகியது. 2021 நவம்பர் 19 அன்று பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். செயற்கைக்கோள் இல்லாததால் நேர்ந்த சாவு என்று சொல்லவில்லை; கனமழை எச்சரிக்கை அப்போதும் இருந்தது, ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள் தரவும் கைகொடுத்தது. ஆனால் வங்கக் கடலுக்கு இரவல் கண் போதாது. பழையது ஓய்வதற்குள் புதியது மேலே இருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் காற்றளவி கடலில் மட்டுமே காற்றைக் காட்டும். மரக்காணத்தில் கரையேறி வேலூர் நோக்கி வரும் புயலின் தரைக்காற்று அதற்குத் தெரியாது. அதன் பிறகு ரேடார்தான் துணை. சென்னை ரேடாரின் கதிரோ வேலூரை எட்டும்போது ஏறத்தாழ 2 கி.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் கீழே பெய்வதை அளப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)